நச்சு மருந்தை எலிக்குச் செலுத்தும் ஆய்வுக்குப் பாதுகாப்பு ஒப்புதல் பெறுவது எப்படி?

நம் மருந்தியல் கல்லூரிகளில் நீரிழிவு ஆய்வைத் தொடங்கும் மாணவர்கள் பலரும் நாடுவது ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்னும் மருந்தையே. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்து எலிக்கு நீரிழிவை உண்டாக்கும் இம்மருந்தை, மனிதருக்கும் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2பி பிரிவில் வைத்துள்ளது. ஆகவே எலியின் நலனோடு, மருந்தைக் கையாள்பவரின் பாதுகாப்பையும் விண்ணப்பத்தில் விளக்கியாக வேண்டும்.

படி 1: பொருளின் வகையை உறுதிசெய்யுங்கள்

நோய்க்கிருமி அல்லது மரபணு மாற்றப்பட்ட உயிரி என்றால், நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். கதிரியக்கப் பொருள் என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் பொருந்தும். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் இவ்விரண்டிலும் சேராத அபாய வேதிப்பொருள். உங்கள் நிறுவனத்தில் வேதிப் பாதுகாப்புக் குழு இருந்தால், முதலில் அதன் ஒப்புதலைப் பெறுங்கள்.

படி 2: படிவம் பி

நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அளிக்கும் இப்படிவத்தில் அபாயப் பொருள்களுக்கெனத் தனிப் பகுதி உண்டு. மருந்தின் பெயர், அளவு, செலுத்தும் வழி, கழிவை அகற்றும் முறை ஆகியவற்றை அதில் நிரப்பி, பாதுகாப்புத் தரவுத் தாளை இணையுங்கள். மொத்த அளவைக் கணக்கிட்டே எழுதுங்கள்: கிலோவுக்கு 50 மி.கி. வீதம், 200 கிராம் எடையுள்ள 24 எலிகளுக்கு 240 மி.கி. தேவை.

படி 3: மருந்து செல்லும் பாதையை எழுதுங்கள்

விண்ணப்பத்தின் உயிர்நாடி இதுதான். பொடியை எடை போடும்போது அது காற்றில் பறக்கலாம் என்பதால், புகை உறிஞ்சும் அடைப்புக்குள், நைட்ரைல் கையுறையும் முகக்கவசமும் அணிந்து செய்வதாகக் குறிப்பிடுங்கள். சிட்ரேட் பஃபரில் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசலில்) கரைத்த மருந்து விரைவில் சிதைந்துவிடுவதால், உடனுக்குடன் செலுத்த வேண்டியிருக்கும். அந்த அவசரத்தில்தான் ஊசி விரலில் குத்தும். எலியைப் பிடிக்க ஒருவர், ஊசி போட மற்றொருவர், பயன்படுத்திய ஊசிக்கு மூடி மாட்டாமல் நேரே துளைபடாத பெட்டி என்று ஒழுங்கை வரையறுத்துவிடுங்கள்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் மருந்தும் அதன் சிதைபொருள்களும் எலியின் சிறுநீரில் வெளியேறுகின்றன. நீரிழிவு வந்த எலியோ மிகுதியாகச் சிறுநீர் கழிப்பதால், கூண்டில் விரித்த உமி சீக்கிரமே நனைந்து, அதை அடிக்கடி மாற்ற வேண்டியதாகிறது. அந்த வேலையைச் செய்பவர் ஆய்வாளர் அல்லர், விலங்குக்கூடப் பணியாளர். எனவே மருந்து செலுத்திய கூண்டுகளில் நாளும் நேரமும் குறித்த எச்சரிக்கை அட்டையைத் தமிழிலும் தொங்கவிடுவது, முதல் இரண்டு நாள்களின் உமியைப் புழுதி கிளம்பாமல் நேரே பையில் கட்டுவது, பணியாளருக்கு முன்கூட்டியே பயிற்சி அளிப்பது ஆகிய மூன்றையும் எழுதுங்கள்.

படி 4: கழிவு

2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, ஸ்ட்ரெப்டோசோட்டோசின் போன்ற செல்நச்சு (செல்களை அழிக்கும்) மருந்து பட்ட பொருள்களை உரிய அடையாளமிட்ட மஞ்சள் பையில் சேர்த்து, 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் எரிக்கும் வசதிக்கு அனுப்ப வேண்டும். இறந்த எலிகளுக்கும் மஞ்சள் பைதான்.

படி 5: விபத்தும் மாற்றமும்

கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் நீரால் கழுவுவது, சிந்தினால் துடைப்பது யார், யாருக்குத் தெரிவிப்பது என்பவற்றைப் பெயர், பொறுப்புடன் எழுதுங்கள். பின்னர் மருந்தின் அளவையோ அறையையோ மாற்ற நேர்ந்தால், திருத்தம் கோரி ஒப்புதல் வந்த பின்பே தொடருங்கள்.