லேஓஃப் ஆனால் முதலில் ஈ.ஐ.க்குப் பதியுங்கள், மிச்சம் பிறகு

"ரெண்டு கிழமையில் திரும்பக் கூப்பிடுவோம்" என்று சொல்லித்தான் சூப்பர்வைசர் என்னை வேலையில் இருந்து நிறுத்தினார், அதுதான் லேஓஃப். அதை நம்பி ஸ்காபரோவில் வீட்டோடு இருந்தேன், அப்புறம் ஆர்.ஓ.ஈ. (வேலை நின்றதும் கொம்பனி கொடுக்கும் வேலைப் பதிவுப் பத்திரம்) கைக்கு வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், கடைசியில் ஈ.ஐ.க்கு, அதாவது வேலை இல்லாத காலத்தில் அரசாங்கம் தரும் வேலைக் காப்புறுதிக் காசுக்குப் பதியப் போகும்போது 6 கிழமை ஓடிவிட்டது. கனடாவில் கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 4 கிழமைக்குள் பதிய வேண்டும், பிந்தினால் அந்தக் காசு கிடைக்காமலே போகலாம். ஏன் பிந்தினேன் என்று விளக்கம் எழுதி அலைந்தது தனிக்கதை.

ஆர்.ஓ.ஈ. இல்லாமலே பதியலாம். இப்போது பெரும்பாலான கொம்பனிகள் அதை நேரே சேர்விஸ் கனடாவுக்கு (ஈ.ஐ.யைப் பார்க்கும் அரசாங்க அலுவலகம்) மின்வழியில் அனுப்பிவிடுகின்றன, உங்கள் மை சேர்விஸ் கனடா அக்கவுண்டுக்குள் போனால் பார்க்கலாம். இணையத்தில் பதிய ஒரு மணித்தியாலம் அளவில் பிடிக்கும். சின் நம்பர் (சமூகக் காப்புறுதி இலக்கம்), வங்கிக் கணக்கு விவரம், கடந்த 52 கிழமைகளில் வேலை செய்த இடங்களின் பெயர், முகவரி, தொடங்கிய திகதி, நின்ற திகதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். தட்டச்சு சரிவராது என்றால் 1-800-206-7218க்கு எடுங்கள், அல்லது நேரே சேர்விஸ் கனடா அலுவலகத்துக்குப் போங்கள். காசு வாங்கிக்கொண்டு ஃபோர்ம் நிரப்பிக் கொடுக்கிறவர்களிடம் போகத் தேவையே இல்லை.

ஆர்.ஓ.ஈ.யில் முதலில் பார்க்க வேண்டியது ஏன் வேலை நின்றது என்ற எழுத்தைத்தான். வேலை குறைந்ததால் நிறுத்தினார்கள் என்றால் ஆங்கில 'ஏ' (A) இருக்க வேண்டும். 'ஈ' (E) இருந்தால் நீங்களாக விட்டுப் போனதாக அர்த்தம், அதோடு உங்கள் ஈ.ஐ. சிக்கலில் மாட்டிவிடும். பிழை என்றால் உடனே கொம்பனியோடு கதைத்துத் திருத்தக் கேளுங்கள், லேஓஃப் கடிதத்தையும் டெக்ஸ்ட் மெசேஜ்களையும் அழித்துவிடாதீர்கள்.

தகுதிக்கு, நீங்கள் இருக்கும் பகுதியின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்து, கடந்த 52 கிழமையில் 420 முதல் 700 மணித்தியாலம் வரை வேலை செய்திருக்க வேண்டும். கையில் காசாக வாங்கிக் கணக்கில் வராமல் செய்த வேலை இதில் சேராது. எங்கள் ஆட்கள் கனபேர் இந்த இடத்தில்தான் அடிபடுகிறார்கள், வருசக்கணக்காக முறிந்து உழைத்திருப்பார்கள், ரெக்கோர்டில் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

கிடைப்பது சராசரிக் கிழமைச் சம்பளத்தின் 55 வீதம், அதற்கும் உச்ச வரம்பு உண்டு. 2025இல் அது கிழமைக்கு 695 டொலர். வரியும் உண்டு. வழமையாக முதல் கிழமைக்குக் காசு வராது, அதனால் அடுத்த வாடகைக்கு இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

வேலை போகவில்லை, மணித்தியாலத்தை மட்டும் குறைத்துவிட்டார்கள் என்றால் கதை வேறு. சாதாரண ஈ.ஐ.க்கு அந்த முதலாளியிடம் தொடர்ந்து 7 நாளாவது வேலையும் சம்பளமும் இல்லாமல் இருக்க வேண்டும். 5 நாள் வேலை 3 நாளாகக் குறைந்ததற்கு அது கிடைக்காது. அதற்கென்று வேர்க் ஷெயரிங் (வேலையைப் பகிர்வது) என்று ஒரு திட்டம் இருக்கிறது, ஆனால் அதற்கு நீங்கள் தனியாகப் போய்ப் பதிய முடியாது, கொம்பனிதான் விண்ணப்பிக்க வேண்டும். சேர்ந்து வேலை செய்பவர்களோடு கதைத்து மனேஜரிடம் கேட்டுப் பாருங்கள், கனபேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஈ.ஐ. எடுத்துக்கொண்டே பகுதிநேரமாக வேலை செய்யலாம். உழைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் 50 சதம் வெட்டுவார்கள். முன்பு கிழமைக்கு 1,000 டொலர் எடுத்தவருக்கு 550 வரும், அவர் ஒரு கிழமை 300க்கு வேலை செய்தால் 150 வெட்டி 400 கொடுப்பார்கள், ஆக அந்தக் கிழமை கையில் 700. பழைய சம்பளத்தின் 90 வீதம்வரைதான் இந்தக் கணக்கு, அதற்கு மேலே உழைத்தது முழுவதையும் வெட்டுவார்கள்.

பதிந்த பிறகு தபாலில் 4 இலக்க அக்ஸஸ் கோட் வரும். அதை வைத்து 2 கிழமைக்கு ஒருமுறை ரிப்போர்ட் கொடுக்க வேண்டும், ஃபோனிலும் செய்யலாம், மறந்தால் காசு நிற்கும். சம்பளத்தை அது கைக்கு வந்த கிழமையில் இல்லாமல் வேலை செய்த கிழமையில்தான் போட வேண்டும், அதுவும் வரி வெட்ட முன் உள்ள தொகையை. ஞாயிறு தொடங்கிச் சனி முடிய ஒரு கிழமை. இதில் தடுமாறி, பிறகு காசைத் திருப்பிக் கட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். வேலைதான் இல்லையே, நல்லூர்த் திருவிழாவுக்கு ஒருக்கால் போய்வருவோம் என்று பிளேன் ஏறினால், நாட்டுக்கு வெளியே நின்ற நாட்களுக்கு ஈ.ஐ. இல்லை. நெருங்கிய உறவினரின் மரணச்சடங்கு போன்ற சில காரியங்களுக்கு மட்டும் 7 நாள் விடுவார்கள், அதையும் ரிப்போர்ட்டில் சொல்ல வேண்டும்.

மறுத்துக் கடிதம் வந்தால் அதைத் தூக்கி அலுமாரிக்குள் வைக்காதீர்கள். திரும்பப் பரிசீலிக்கச் சொல்லிக் கேட்க 30 நாள் இருக்கிறது, அதற்குக் காசும் கட்டத் தேவையில்லை. அங்கும் சரிவராவிட்டால் சோஷல் செக்கியூரிட்டி டிரிபியூனல் என்ற முறையீட்டு மன்றத்துக்குப் போகலாம்.