வியப்பு வீணாகாமல் இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள், எதையாவது வடிவமைக்கிறவர்கள் என எல்லோரிடமும் ஒரு சேமிப்பு இருக்கும். விசித்திரமான உயிரினங்களின் படங்கள், பழைய வரைபடங்கள், எங்கோ படித்த அதிசயத் தகவல்கள், போனில் சேமித்த வீடியோக்கள். "என்றைக்காவது உதவும்" என்று சேர்த்தவற்றில் பெரும்பாலானவை உதவாமலே கிடக்கின்றன. இதற்குக் கற்பனைக் குறைவு காரணம் என்று நான் நினைக்கவில்லை. வியப்பு வந்த நேரத்தில் நாம் செய்யாமல் விட்ட சின்னச் சின்ன வேலைகள்தான் காரணம்.

அதில் பெரிய தவறு, "அடேயப்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது. 1941இல் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் நாயோடு வெளியே போய்த் திரும்பியபோது, உடையிலும் நாயின் ரோமத்திலும் முள்காய்கள் ஒட்டியிருந்தன. யாருக்கும் நடப்பதுதான், பிய்த்துப் போட்டுவிட்டு மறந்துவிடுவோம். அவர் ஒன்றை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். ஒவ்வொரு முள்ளின் நுனியும் கொக்கியாக வளைந்து, துணியின் நூல் வளையங்களில் மாட்டிக்கொள்வது தெரிந்தது. செருப்பிலும் பையிலும் ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ பட்டை அங்கிருந்துதான் பிறந்தது. அமெரிக்கக் காப்புரிமை கிடைக்க 1955 ஆகிவிட்டது. நுண்ணோக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு தாளில் வரைந்து பாருங்கள். வரையத் தொடங்கினால்தான் எதைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது புலப்படும்.

அடுத்தது ஒரு பயம். "காரணம் தெரிந்துவிட்டால் அழகு போய்விடும்" என்று பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். ஒருகாலத்தில் ஐரோப்பாவில் சில நீண்ட கொம்புகளை, கற்பனை விலங்கான ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு என்று சொல்லி, விஷமுறிவு மருந்தாகப் பெரும் விலைக்கு விற்றார்கள். கோபன்ஹேகனில் அபூர்வப் பொருள்களைச் சேர்த்து வைத்திருந்த மருத்துவர் ஓலே வோர்ம், அந்தக் கொம்புகள் நார்வால் என்ற கடல்வாழ் திமிங்கிலத்துடையவை என்று 1638இல் எடுத்துக்காட்டினார். சரி, குதிரை போய்விட்டது. ஆனால் அதன் இடத்துக்கு வந்தது என்ன? கொம்பே இல்லை, அது ஒரு பல். மேலுதட்டைத் துளைத்துக்கொண்டு முன்னோக்கி நீள்கிறது. திருகு திருகாக வளர்ந்து ஏறக்குறைய 3 மீட்டர் வரை போகிறது, உள்ளே நரம்புகள் ஓடுகின்றன. ஒரு கதாசிரியருக்கு இந்த விலங்கு அந்தக் குதிரையைவிடப் பல மடங்கு தீனி போடும் என்பது என் கருத்து.

சரிபார்க்காமல் நம்புவதும் இதோடு சேர்ந்த தவறுதான். மரங்கொத்தியின் மண்டை ஓடு அதிர்ச்சியை உறிஞ்சி மூளையைக் காக்கிறது என்று பல காலம் சொல்லப்பட்டது. அதைப் பார்த்துத் தலைக்கவசம் வடிவமைக்கக்கூட முயன்றார்கள். கொத்தும் காட்சியை அதிவேகக் கேமராவில் பிடித்து ஆராய்ந்தவர்கள் 2022இல் வேறு விஷயம் சொன்னார்கள்: மண்டை ஓடு விறைப்பான சுத்தியலாகவே வேலை செய்கிறது, அதிர்ச்சியை உறிஞ்சினால் கொத்தும் வேகமே வீணாகும். மூளை மிகச் சிறியது என்பதால்தான் அது தாக்குப்பிடிக்கிறது.

குறிப்பு எழுதாமல் சேமிப்பது இன்னொன்று. டார்வினே இதில் மாட்டிக்கொண்டார். 1835இல் காலாபகோஸ் தீவுகளில் சேகரித்த குருவிகளில், எது எந்தத் தீவில் பிடித்தது என்று அவர் ஒழுங்காகக் குறித்து வைக்கவில்லை. 1837இல் பறவையியலாளர் ஜான் கூல்ட் அவற்றை ஆராய்ந்து, வெவ்வேறு வகைப் பறவைகளாகத் தெரிந்தவை எல்லாம் நெருங்கிய உறவுள்ள குருவிகளே என்றார். அப்போதுதான் தீவின் பெயர் முக்கியமாகிவிட்டது. கூடப் பயணம் செய்தவர்கள் தீவின் பெயரோடு எழுதி வைத்திருந்த பறவைகளைத் தேடிப்போக வேண்டியதாயிற்று. எங்கே பார்த்தோம், எப்போது, யார் சொன்னது என்று மூன்று வரி எழுதுங்கள். அப்புறம் அதில் எது உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று ஒரு வரி. அந்த வரி இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அது வெறும் படம்தான்.

அபூர்வமானதில்தான் அதிசயம் இருக்கும் என்று தூரத்திலேயே தேடுவதும் தவறு. ஒரு கம்பியை வளையமாக்கி, சோப்புத் தண்ணீரில் முக்கி, இருட்டான பின்னணிக்கு முன்னால் நிமிர்த்திப் பிடியுங்கள். சில விநாடிகளில் இளஞ்சிவப்பும் பச்சையுமாகப் பட்டைகள் மேலிருந்து கீழே இறங்கும். சோப்பில் அந்த வண்ணங்கள் இல்லை. படலத்தின் முன்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலப்பதால் வருபவை அவை. நீர் வடிய வடிய மேல்பகுதி மெலிகிறது, தடிமன் மாற மாற வண்ணமும் மாறுகிறது. கடைசியில் உச்சியில் கறுப்பாக ஒரு பட்டை தோன்றும். ஓட்டை விழுந்துவிட்டது போலிருக்கும், ஆனால் படலம் அங்கேயும் இருக்கிறது. ஒளியலையின் நீளத்தைவிட மிக மெல்லியதாகிவிட்டதால், திரும்பும் இரண்டு ஒளியும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. கொஞ்ச நேரத்தில் உடைந்துவிடும். இதை முழுதாக நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

உடனே பயன் வேண்டும் என்று அவசரப்படவும் வேண்டாம். பனித்துகளுக்கு எப்போதும் ஏன் ஆறு முனை என்று வானியலாளர் கெப்ளர் 1611இல் ஒரு சிறு நூலே எழுதினார். தேன்கூடு, மாதுளை முத்துகள், உருண்டைகளைக் கூம்பாக அடுக்கும் விதம் என்று எங்கெங்கோ போனார். விடை கிடைக்கவில்லை, அதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அப்படிக் கூம்பாக அடுக்குவதைவிட நெருக்கமாக உருண்டைகளை அடுக்க முடியாது என்று போகிற போக்கில் சொன்னது, கணிதத்தில் பெரிய கேள்வியாக நின்றது. கணிதவியலாளர் தாமஸ் ஹேல்ஸ் 1998இல்தான் அதற்கு நிரூபணம் தந்தார்.

உங்கள் சேமிப்பு ஏற்கெனவே பெரிதாகிவிட்டதா? எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த உட்காராதீர்கள், அதிலேயே ஆர்வம் தீர்ந்துவிடும். ஒன்றை மட்டும் எடுத்து, அது உண்மையா என்று பாருங்கள், எப்படி வேலை செய்கிறது என்று தேடுங்கள், கையால் வரையுங்கள். அதற்குப் பிறகும் அது விடாமல் துரத்தினால், அதை வைத்து ஏதாவது செய்யத் தொடங்கலாம். துரத்தாவிட்டால் அடுத்ததை எடுங்கள்.