முதல் குட்டி விமானம் வாங்கப் போறீங்களா? மணிக்கு என்ன நிக்கும்னு கணக்குப் போடலாம்

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வைத்திருக்கும் என் மாமாவிடம் செஸ்னா 152 என்ற குட்டி விமானத்தின் படத்தைக் காட்டினேன். அவர் விலையைக் கேட்கவே இல்லை. "மாப்ள, இது மணிக்கு என்ன நிக்கும்?" என்றார். ரிக் தொழிலில் கம்ப்ரஸர் எத்தனை மணி ஓடியது என்பதை வைத்துத்தான் டீசல், ஆயில், அடுத்த எஞ்சின் வேலை எல்லாமே. குட்டி விமானமும் அதே ஜாதிதான். பைலட் லைசென்ஸ் கையில் வந்ததும் சொந்தமாக ஒன்று வாங்கினால் என்ன என்று யோசிக்கும் நம் கோவை, ஈரோடு, சேலம் பக்கத்து ஆட்களுக்காக மாமாவின் கேள்விக்கு விடை காணும் வழியை எழுதுகிறேன். கீழே வரும் ரூபாய்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். நீங்கள் விசாரித்த தொகையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: வருடத்துக்கு எத்தனை மணி பறப்பீர்கள்?

விமானத்தைப் பார்க்கப் போகும் முன் இதை எழுதி வையுங்கள். வாரம் 3 மணி என்று எல்லோரும் ஆரம்பிப்போம். பிறகு முகூர்த்த மாதங்கள், ஏற்றுமதி ஆர்டர், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று என்று ஒவ்வொன்றாகக் கழியும். என் பழைய பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தேன்: வருடத்துக்கு 48 மணி. வெட்கமாகத்தான் இருந்தது.

படி 2: பறக்காவிட்டாலும் போகும் பணம்

நிறுத்த வாடகை, காப்பீடு, வருடாந்திரப் பரிசோதனை, பறக்கும் தகுதியை வருடா வருடம் மறுபரிசீலனை செய்து வாங்கும் ஏ.ஆர்.சி. சான்றிதழ், ரேடியோ உரிமம். விமானம் தூங்கினாலும் இவை தூங்காது. இதில் நிறுத்துமிடத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். கோவை விமான நிலையம் பெரிய ஜெட்டுகளுக்கே நெரிசலாகிவிட்டது, பக்கத்திலேயே சூலூர் விமானப்படைத் தளம் வேறு. அடுத்தது ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம். இரண்டிலும் இடம் உண்டா, மாதத்துக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். "நம்ம தோட்டத்துல தென்னைய வெட்டிட்டு இறக்கிக்கலாமுங்களா?" என்று பொள்ளாச்சி நண்பர் ஒருவர் கேட்டார். இறங்குதளத்துக்கும் அனுமதி வாங்க வேண்டும், தென்னையை விட்டுவிடுங்கள்.

வாடகை மிச்சம் என்று வெட்டவெளியில் நிறுத்துவதற்கு முன் ஒரு யோசனை. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். 152-இன் வெற்று எடை ஏறக்குறைய 490 கிலோ, அதுவும் காற்றில் தூக்கிக்கொள்வதற்கென்றே செய்த பொருள். கயிறு கட்டும் கொக்கி தரையில் உறுதியாக இருக்கிறதா என்று நேரில் போய் இழுத்துப் பாருங்கள்.

படி 3: ஓடும் மணிக்கான செலவு

152 மணிக்குச் சுமார் 23 லிட்டர் குடிக்கும். லிட்டர் 200 ரூபாய் என்று வைத்தால் 4,600. அது குடிப்பது அவ்கேஸ் என்னும் விமானப் பெட்ரோல், நீல நிறத்தில் இருக்கும். கோவையில் தினமும் ஏர்பஸ்கள் நிரப்பிக்கொள்வது ஏ.டி.எஃப்., மண்ணெண்ணெய் வகை. அதை இந்த எஞ்சினில் ஊற்றினால் எஞ்சின் போச்சு. இந்தியாவில் 2022 வரை அவ்கேஸ் இறக்குமதிச் சரக்கு. அந்த வருடம் இந்தியன் ஆயில் இங்கேயே தயாரித்து வெளியிட்டது. ஆனாலும் எல்லா நிலையத்திலும் கிடைத்துவிடாது. நீங்கள் நிறுத்தப் போகும் இடத்துக்கு யார் கொண்டுவந்து தருவார்கள் என்று கேளுங்கள்.

ரோடாக்ஸ் 912 எஞ்சின் போட்ட விமானம் என்றால் பெட்ரோலே போதும், பங்கில் பிடித்துக்கொள்ளலாம் என்று விற்பவர் சொல்வார். பாதி உண்மை. ரோடாக்ஸ் 10 சதவீதம் வரைதான் எத்தனாலை ஏற்கிறது. நம் பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் கலந்த பெட்ரோல்.

படி 4: எஞ்சினுக்கு உண்டியல்

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான், நிதானமாகப் பாருங்கள். 152-இல் இருப்பது லைகமிங் ஓ-235. 2,400 மணிக்கு ஒருமுறை முழு ஓவர்ஹால், அதாவது எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிப்பது, என்கிறது தயாரிப்பாளர். ஓவர்ஹாலுக்கு 24 லட்சம் என்று வையுங்கள். அப்படியானால் பறக்கும் ஒவ்வொரு மணியும் எஞ்சினில் 1,000 ரூபாயைத் தின்கிறது. இறங்கியதும் அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும்.

இப்போது இரண்டு விமானங்கள் விலைக்கு வருகின்றன. ஒன்று 45 லட்சம், ஓவர்ஹாலுக்குப் பிறகு 300 மணி ஓடியது. இன்னொன்று 32 லட்சம், 2,200 மணி ஓடியது. 13 லட்சம் மிச்சம் என்று கை இரண்டாவதற்குப் போகும். முதல் எஞ்சினில் தேய்ந்தது 3 லட்சம், இரண்டாவதில் 22 லட்சம். விலையோடு கூட்டினால் 48, 54. மலிவானது 6 லட்சம் கூடுதலாகிவிட்டது. போதாததற்கு, இன்னும் 200 மணியில் எஞ்சினைக் கழற்றி அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் மாதங்களுக்கும் வாடகை, காப்பீடு கட்ட வேண்டும்.

மணி குறைவாக ஓடியதெல்லாம் நல்லது என்றும் இல்லை. லைகமிங்கில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் எஞ்சினின் மேல் பக்கம் இருக்கிறது. சும்மா நிறுத்தினால் ஆயில் வடிந்து துரு பிடிக்கும். அதனால்தான் மணியோடு 12 வருடம் என்றும் ஒரு வரம்பு சொல்கிறார்கள். 18 வருடத்தில் 250 மணி மட்டுமே ஓடியது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குப் பயம்தான் வரும்.

படி 5: கூட்டிப் பாருங்கள்

எரிபொருள் 4,600, எஞ்சின் உண்டியல் 1,000, ஆயில், டயர், 100 மணிப் பரிசோதனைக்கு 900. மணிக்கு 6,500. வருட நிலைச் செலவு 8 லட்சம் என்றால், 50 மணி பறப்பவருக்கு அது மணிக்கு 16,000 ஆகிறது, மொத்தம் 22,500. 160 மணி பறந்தால் 11,500. வாங்கிய விலைக்கான வட்டி இதில் சேரவில்லை. பயிற்சிப் பள்ளியின் மணி வாடகையை இதன் பக்கத்தில் எழுதுங்கள். 50 மணிக்காரர் பெரும்பாலும் வாடகைக்குப் பறப்பதே லாபம் என்பது என் கருத்து.

இல்லையென்றால் 3, 4 பேர் கூட்டுச் சேருங்கள், நிலைச் செலவு அப்படியே பிரிந்துவிடும். பங்காளிச் சண்டை வராமலிருக்க யாருக்கு எந்த ஞாயிறு, முட்டிவிட்டால் யார் பொறுப்பு என்று பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 6: பார்க்கப் போகும்போது

152 தயாரிப்பு 1985-இலேயே நின்றுவிட்டது. நீங்கள் பார்ப்பது எதுவானாலும் வயது 40-ஐத் தாண்டியிருக்கும். மாடு வாங்கச் சுழி பார்க்கிற ஆளைக் கூட்டிப் போவது போல, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஏ.எம்.இ.யை, அதாவது விமானப் பராமரிப்புப் பொறியாளரை, கூட்டிப் போங்கள். விமானம், எஞ்சின் இரண்டின் லாக் புத்தகங்களும் ஆரம்பம் முதல் இருக்க வேண்டும். சிலிண்டர் அழுத்தம், இறக்கை வேர் துரு, பாதுகாப்புக்காக வந்த கட்டாய உத்தரவுப்படி வேலைகள் செய்யப்பட்டனவா என்பதை அவர் பார்ப்பார்.

நான் முதலில் பார்த்த விமானத்துக்குப் புதுப் பெயின்ட், புது இருக்கை. எங்கள் ஏ.எம்.இ. அதையெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்து, மடிப்புக் காகிதத்தை விரித்து, மேலே காந்தத்தை ஓட்டினார். எஞ்சின் உள்ளே தேய்ந்து உதிர்ந்த இரும்பு, அரிசி நுனி அளவில் மூன்று துணுக்குகள், ஒட்டிக்கொண்டு வந்தன. ஒன்றும் பேசாமல் என் உள்ளங்கையில் வைத்தார். அன்றைய டீச் செலவோடு வீடு வந்து சேர்ந்தோம்.

படி 7: வரியும் அட்வான்ஸும்

வெளிநாட்டிலிருந்து இறக்குவதென்றால் விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் அனுமதி முதலில். சொந்த உபயோக விமானத்துக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம், அந்த ஒரு வரியே பட்ஜெட்டை மாற்றிவிடும். உள்நாட்டில் பதிவான, ஏ.ஆர்.சி. உயிரோடிருக்கும் விமானம்தான் முதல் முறைக்கு எளிது. அட்வான்ஸ் கொடுக்கும்போது, பரிசோதனையில் தேறாவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும், இங்கே ஓட்டிவரும் செலவு யாருடையது என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.