பம்ப் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் இருப்புக் கணக்கைப் பிசகாமல் வைத்திருப்பது எப்படி

கோவை வட்டாரத்துப் பம்ப், மோட்டார் தொழிற்சாலைகளில் இருப்புக் கணக்கு எழுத்தராகச் சேர்பவரின் வேலை, ரேக்கில் உள்ள சரக்கையும் கணினியில் உள்ள இருப்பையும் எந்நேரமும் ஒத்துப்போகச் செய்வது. வித்தியாசம் தெரிந்ததும் திருட்டு என்ற பேச்சுதான் முதலில் கிளம்பும். ஆனால் பெரும்பாலான வித்தியாசங்கள், சரக்கு நகர்ந்தும் அதற்கான பதிவு ஏறாமல் நின்றுபோவதால் வருபவை.

வண்டி வந்து கேட் என்ட்ரி ஆனதும், சலானைப் பர்ச்சேஸ் ஆர்டருடன் ஒப்பிட்டு, எண்ணியோ எடை போட்டோ பார்த்த பிறகே ஜி.ஆர்.என். (சரக்கு பெற்றதற்கான பதிவுச் சீட்டு) போட வேண்டும். சலானில் 500 பேரிங் என்றிருந்து பெட்டியில் 496 இருந்தால், பெறப்பட்ட அளவாக 496ஐப் பதிந்து, குறைவை அன்றே பர்ச்சேஸ் பிரிவுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தரப் பரிசோதனை முடியும்வரை அந்தச் சரக்கு தனி இடத்தில் இருக்கட்டும். லைன் நிற்கிறது என்று சூப்பர்வைசர் அவசரப்படுத்தினாலும், இப்போது எடுத்துப் போங்கள், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது.

அதிகமாகத் தவறு நேர்வது யூனிட்டில்தான். ஷாஃப்ட்டுக்கான எஃகு ராடு கிலோ கணக்கில் வாங்கப்படுகிறது. மெஷின் ஷாப்பிலோ அதை நீளத்தில் கேட்பார்கள். மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் ராடின் எடை கிலோவில் கிடைக்கும். 25 மி.மீ. ராடு மீட்டருக்கு ஏறத்தாழ 3.86 கிலோ என்பதால், 6 மீட்டர் ராடு ஒன்று 23 கிலோவுக்குச் சற்று மேல் வரும். இண்டென்டில், அதாவது சரக்கு கேட்டு வரும் சீட்டில், வெறுமனே 4 என்று எழுதி வந்தால், அது நான்கு ராடா நான்கு மீட்டரா என்று கேட்டுத் தெளியாமல் இஷ்யூ (சரக்கு வழங்கும் பதிவு) போடாதீர்கள், ஏனெனில் அந்த ஒரு சீட்டிலேயே 77 கிலோ பிசகிவிடும். செம்பு வைண்டிங் கம்பியை எடை போடும்போது ஸ்பூலின் வெற்று எடையைக் கழிக்க வேண்டும். மிச்சத்தோடு திரும்பி வரும் ஸ்பூலையும் தராசில் வைக்காமல் கண்மதிப்பில் எழுதக் கூடாது.

ரப்பர் சீல், வார்னிஷ் போன்றவற்றுக்குக் காலாவதி உண்டு என்பதால், முதலில் வந்ததே முதலில் போக வேண்டும்.

கடைசலுக்கு வெளியே அனுப்பும் காஸ்டிங், இடத்தால் ஜாப் ஒர்க்காரரிடம் (கூலிக்கு அந்த வேலையைச் செய்து தருபவரிடம்) இருந்தாலும் கணக்கால் நம்முடையதே. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி, அப்படி அனுப்பிய உள்ளீட்டுப் பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வரவேண்டும் அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போகவேண்டும். தவறினால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி விதிப்பார்கள். ஆகவே நிலுவைச் சலான்களை மாதந்தோறும் தேதி வரிசையில் எடுத்துப் பார்ப்பது நல்லது.

ஆண்டுக்கொரு முறை கதவை அடைத்து எல்லாவற்றையும் எண்ணுவதைவிட, சிறிது சிறிதாகச் சுழற்சியில் எண்ணுவதே பயன் தரும் என்பது என் கருத்து. செம்பு, ஸ்டாம்பிங் (மோட்டாருக்கான எஃகுத் தகடு), பேரிங் போன்ற விலையுயர்ந்தவற்றை மாதம் ஒரு முறையும், போல்ட், வாஷர் வகைகளை ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் எண்ணினால் போதும். எண்ணி முடியும்வரை அந்தப் பொருளின் வரவையும் இஷ்யூவையும் நிறுத்தி வையுங்கள். எண்ணுபவரிடம் கணினி இருப்பைச் சொல்லாதீர்கள், சொன்னால் எண்ணிக்கை தானாக அதை நோக்கிப் போய்விடும். இஷ்யூ ஸ்லிப்புகளை மாதக் கடைசியில் மொத்தமாகப் போடும் வழக்கமுள்ள ஸ்டோர்ஸில் 25ஆம் தேதி எண்ணுவது வீண்வேலை.

வித்தியாசம் வந்தால் உடனே கணினி இருப்பைத் திருத்தும் அட்ஜஸ்ட்மென்ட் போடாமல், முதலில் பதியாத ஸ்லிப்புகளையும், பிறகு ரிஜெக்ஷன் ரேக்கையும், அடுத்து ஜாப் ஒர்க் சலான்களையும், கடைசியாக ஓரெழுத்தோ ஓரெண்ணோ மட்டும் மாறும் ஒத்த பொருள் குறியீடுகளையும் பாருங்கள். 6203 பேரிங் குறைந்து 6204 அதே எண்ணிக்கையில் கூடியிருந்தால் காரணம் அகப்பட்டுவிட்டது. இருப்பு மைனஸில் காட்டும் பொருளுக்கு, வந்து இறங்கியும் ஜி.ஆர்.என். ஆகாத சலான் ஏதும் கேட்டில் தங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே இஷ்யூ பக்கம் போகலாம். எல்லாம் பார்த்தும் காரணம் கிடைக்காத வித்தியாசத்தை மட்டும், எங்கெங்கே தேடினீர்கள் என்ற குறிப்போடு மேலாளரின் கையெழுத்துக்கு அனுப்புங்கள்.