ஏற்காட்டிலிருந்து சேலம் சர்வருக்கு: டிபீவரும் எஸ்எஸ்ஹெச் டனலும்

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஆபீஸ். அங்கே ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடுகிறது. ஏற்காட்டு காப்பி எஸ்டேட்டில் இருக்கும் கணக்கர், தன் விண்டோஸ் லேப்டாப்பிலிருந்தே பறிப்பு எடையையும் செக்ரோலையும் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவு) பார்க்க வேண்டும், தப்பு இருந்தால் திருத்த வேண்டும். இந்தப் பதிவு அதற்கு மட்டும்தான். போஸ்ட்கிரெஸ் நிறுவி, எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) லாகினும் போட்டு முடித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம்.

டூல் எது? போஸ்ட்கிரெஸுக்கென்றே இருக்கும் பிஜிஅட்மின் நல்ல கருவிதான். ஆனால் திறந்ததும் மாஸ்டர் பாஸ்வேர்ட் கேட்டால், டேட்டாபேஸ் பாஸ்வேர்டைத்தான் கேட்கிறது என்று புதியவர்கள் குழம்பிவிடுவார்கள். டிபீவர் கம்யூனிட்டி பதிப்பு இலவசம். நாளைக்கே மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் என்று எது வந்தாலும் அதே ஜன்னல் போதும். ஆரம்பிப்பவருக்கு அதுதான் என் ஓட்டு.

முக்கியமான விஷயம்: போஸ்ட்கிரெஸின் போர்ட் 5432-ஐ இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸ் இணைப்புக்குக் காத்திருந்து கேட்கும் முகவரியில் நட்சத்திரக் குறி போடு, யார் நுழையலாம் என்று சொல்லும் அனுமதிப் பட்டியலில் ('எச்பிஏ' ஃபைல்) எல்லா முகவரியையும் குறிக்கும் 0.0.0.0/0 சேர் என்று சொல்லும் பாடங்கள் நிறைய உண்டு. அப்படிச் செய்தால் வேலை நடக்கும்தான். கூடவே திறந்த போர்ட்டைத் தேடி அலையும் ஊர் உலகத்து ஸ்கேனர் புரோகிராம் எல்லாம் வந்து கதவைத் தட்டும். போஸ்ட்கிரெஸ் இயல்பாகத் தன் கம்ப்யூட்டருக்குள் மட்டுமே கேட்கும். அதை அப்படியே விட்டுவிட்டு, எஸ்எஸ்ஹெச் இணைப்புக்குள் ஒரு டனல் (சுரங்க வழி) போட்டு, அதன் வழியாக உள்ளே போவோம்.

இணைப்பு

டிபீவரில் 'நியூ டேட்டாபேஸ் கனெக்‌ஷன்', அதில் போஸ்ட்கிரெஸ். முதல் தடவை, போஸ்ட்கிரெஸோடு பேசத் தேவையான டிரைவரை இணையத்திலிருந்து இறக்கும். மலைக்குப் போகும் முன் சேலத்திலேயே இதை முடித்துவிடுங்கள்.

அடுத்து எஸ்எஸ்ஹெச் பக்கம். டனலுக்கான டிக்கைப் போட்டு, ஆபீஸ் இணைப்பின் பப்ளிக் ஐபி, போர்ட் 22, லினக்ஸ் யூசர் பெயர் கொடுங்கள். பாஸ்வேர்டை விட கீ ஃபைல் நல்லது. டனலைச் சோதிக்கும் பட்டனை அழுத்தி, சரியாக வருகிறதா என்று பாருங்கள்.

டனல் சோதனை சரியாக வந்தும் டேட்டாபேஸ் இணையவில்லை என்றால் காரணம் அநேகமாக ஒன்றுதான். 'ஹோஸ்ட்' என்ற பெட்டி இரண்டு இடத்தில் இருக்கிறது. எஸ்எஸ்ஹெச் பக்கத்தில் இருப்பது, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு வழி. மெயின் பக்கத்தில் இருப்பதோ, சேலம் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சேர்ந்தபின் அங்கிருந்து டேட்டாபேஸுக்கு வழி. டேட்டாபேஸ் அதே கம்ப்யூட்டரில் இருப்பதால் இங்கே 127.0.0.1 வர வேண்டும். பலர் இரண்டு பெட்டியிலும் பப்ளிக் ஐபியைப் போட்டுவிடுகிறார்கள். அந்த முகவரியில் போஸ்ட்கிரெஸ் கேட்பதே இல்லை, எப்படி இணையும்? 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதுவதையும் தவிர்த்தால் நல்லது. சில கம்ப்யூட்டர்களில் அது ஐபிவி6 முகவரியாக மாறி, அனுமதிப் பட்டியலில் வேறு வரியோடு பொருந்திவிடும். அந்தப் பட்டியலில் முதலில் பொருந்தும் வரி மட்டுமே செல்லும். அடுத்த வரிக்குப் போய்ப் பார்க்காது.

யூசரும் இரண்டு: எஸ்எஸ்ஹெச் பக்கத்தில் லினக்ஸ் யூசர், மெயின் பக்கத்தில் போஸ்ட்கிரெஸ் ரோல் (டேட்டாபேஸுக்கான யூசர்).

பிழைச் செய்தியே பாதி விடை. 'ரெஃப்யூஸ்டு' என்றால் அந்தப் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை. வெகுநேரம் சுற்றி 'டைம் அவுட்' வந்தால் பெரும்பாலும் ஃபயர்வால், அல்லது வழியே இல்லை. 'எச்பிஏ' என்ற சொல் வந்தால் சர்வர் வரை போய்விட்டீர்கள், அனுமதிப் பட்டியலில்தான் சிக்கல். அதைத் திருத்தினால் ரீலோட் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம்.

ஒரு பிற்சேர்க்கை: ஆபீஸ் ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், உங்கள் இணைப்பு பல வாடிக்கையாளர்களோடு ஒரே ஐபியைப் பகிர்கிறது. போர்ட் ஃபார்வர்ட் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் சர்வருக்குத் திருப்பிவிடுவது) எத்தனை முறை செய்தாலும் பலிக்காது. ஸ்டாட்டிக் ஐபி கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால், இரண்டு கம்ப்யூட்டரையும் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் போடுங்கள்.

திருத்தும் முன்

கனெக்‌ஷன் வகையை 'புரொடக்‌ஷன்' என்று மாற்றுங்கள். மற்ற வகைகளில் சேவ் செய்ததுமே திருத்தம் டேட்டாபேஸில் பதிவாகிவிடும். இதில் கமிட் (உறுதி செய்வது) அழுத்தும் வரை நிரந்தரமாகப் பதிவாகாது. 24 கிலோவை 42 என்று அடித்துவிட்டால் ரோல்பேக் (பழைய நிலைக்குத் திரும்புவது) காப்பாற்றும். இன்னொன்று, டிபீவர் ஒரு தடவைக்கு 200 வரிதான் கொண்டுவரும். மீதி எடை காணோம் என்று பதற வேண்டாம்.

ஆனால் மலையில் கமிட் முறைக்கு ஒரு பின்விளைவு உண்டு. வரியைத் திருத்தி சேவ் செய்தாயிற்று, கமிட் செய்யவில்லை, மழையில் லைன் போய்விட்டது. சேலத்தில் அந்த வரியின் பூட்டு அப்படியே நிற்கும். அங்கே வேறொருவர் அதே வரியைத் திருத்தப் போனால் அவர் திரை உறைந்தது போல இருக்கும். காரணம் டனல்தான். போஸ்ட்கிரெஸுக்குத் தெரிவது அதே கம்ப்யூட்டரில் இருக்கும் எஸ்எஸ்ஹெச் சர்வரின் இணைப்பு. அது உயிரோடுதானே இருக்கிறது! அதனால் எஸ்எஸ்ஹெச் சர்வர் அமைப்பில் 'கிளையண்ட் அலைவ் இன்டர்வெல்' மதிப்பை 60 ஆக்குங்கள். இயல்பில் அது 0, அதாவது சோதிப்பதே இல்லை. 60 போட்டால், மூன்று முறை பதில் வராதபோது, ஏறக்குறைய 3 நிமிடத்தில் டனலை மூடிவிடும், திருத்தமும் தானாக ரத்தாகிவிடும்.

அவசரம் என்றால் சேலத்தில் இருப்பவர் டிபீவரில் செஷன் மேனேஜரைத் திறந்து, 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்' என்று நிற்கும் செஷனைத் தேடி டெர்மினேட் செய்யலாம். கேன்சல் உதவாது; அது ஓடிக்கொண்டிருக்கும் குவெரியை மட்டும் நிறுத்தும், இங்கே ஓடுவது எதுவும் இல்லை.

பேக்கப்

டேட்டாபேஸ் மீது ரைட் கிளிக், 'டூல்ஸ்', 'பேக்கப்'. இதற்கு லேப்டாப்பில் பிஜிடம்ப் (போஸ்ட்கிரெஸின் பேக்கப் கருவி) வேண்டும். சர்வர் 16, லேப்டாப்பில் 14 என்றால் பதிப்பு பொருந்தவில்லை என்று நின்றுவிடும்; லேப்டாப்பில் இருப்பது புதியது என்றால் ஓடும். ஃபார்மட் 'கஸ்டம்' தேர்ந்தெடுங்கள். தேவையான டேபிளை மட்டும் மீட்க அது வசதி.

தினசரி பேக்கப்பை மலையிலிருந்து இழுக்க வேண்டாம். சர்வரிலேயே இரவில் கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் லினக்ஸ் வசதி) போட்டு எடுத்து, வேறொரு டிஸ்க்கில் வையுங்கள். மாதம் ஒரு தடவை வேறு பெயரில் காலி டேட்டாபேஸ் உருவாக்கி, அதில் ரீஸ்டோர் செய்து, பறிப்பு டேபிளின் வரிகளை எண்ணி ஒப்பிடுங்கள். பிஜிடம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டும்தான் எடுக்கும். ரோல்களும் பாஸ்வேர்டுகளும் அதில் வராது. அவற்றுக்கு பிஜிடம்ப்ஆல் கருவியை 'குளோபல்ஸ் ஒன்லி' விருப்பத்தோடு தனியாக ஓட்ட வேண்டும்.