ஏஐ வைத்து ஆள் எடுக்கிறீர்களா? நியூயார்க் சட்டத்துக்குத் தயாராவது எப்படி

ஏஐ சட்டம் என்றதும் பலர் ஐரோப்பிய ஒன்றியத்தின் 113 பிரிவுகளையும் திறந்துவைத்துத் தலை சுற்றிப்போகிறார்கள். கற்றுக்கொள்ள அதைவிடச் சின்னது ஒன்று இருக்கிறது: நியூயார்க் நகரத்தின் உள்ளூர்ச் சட்டம் 144. வேலைக்கு ஆள் எடுக்கவும் பதவி உயர்வு தரவும் பயன்படும் கருவிகளுக்கு மட்டுமானது. 2023 ஜூலை 5 முதல் நடவடிக்கை எடுக்கிறார்கள்.

படி 1: உங்கள் கருவி இதில் வருமா? விண்ணப்பதாரருக்கு மதிப்பெண்ணோ பரிந்துரையோ தந்து, மற்ற எதையும்விட அதற்கே அதிக எடை கொடுத்தால் வரும். பேச்சை எழுத்தாக்குவதோடு நிற்கும் கருவி வராது. ‘கடைசியில் மனிதர்தானே முடிவெடுக்கிறார்’ என்று தேற்றிக்கொள்ளாதீர்கள். அவர் எத்தனை முறை மதிப்பெண்ணை மீறியிருக்கிறார் என்று பழைய பதிவுகளைப் பாருங்கள்.

படி 2: பாரபட்சத் தணிக்கை, அதாவது கருவி யாரையாவது ஓரங்கட்டுகிறதா என்ற சோதனை. கருவியை உருவாக்கியவரோ உங்கள் ஊழியரோ செய்யக் கூடாது, வெளியாள் வேண்டும். தணிக்கை முடிந்து ஓராண்டு தாண்டியிருக்கக் கூடாது.

தணிக்கையாளர் வருவதற்குள் கணக்கை நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கள், கஷ்டமே இல்லை. 200 ஆண்களில் 80 பேர் தேர்வானால் 40 சதவீதம். 150 பெண்களில் 45 பேர் என்றால் 30 சதவீதம். சிறியதைப் பெரியதால் வகுத்தால் 0.75. இதுதான் தாக்க விகிதம். அப்புறம் இனவாரியாகவும், பாலினமும் இனமும் சேர்ந்த பிரிவுகளாகவும் இதையே செய்ய வேண்டும். பெரும்பாலும் இந்தக் கடைசிக் கணக்கில்தான் பூனைக்குட்டி வெளியே வரும். ஒரு வேடிக்கை: விகிதம் இதற்குக் கீழே போகக் கூடாது என்று இந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் 0.8க்குக் கீழே போனால் அமெரிக்கப் பாகுபாட்டுத் தடைச் சட்ட வழக்கறிஞர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

படி 3: தணிக்கைச் சுருக்கத்தையும், கருவி புழக்கத்துக்கு வந்த தேதியையும் உங்கள் தளத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் போடுங்கள். கருவியை ஓட்டுவதற்கு முன்பே.

படி 4: நகரவாசிகளான விண்ணப்பதாரர்களுக்கு, கருவியை ஓட்டுவதற்கு 10 வேலை நாட்கள் முன்னதாக அறிவிப்பு. இப்படியொரு கருவி பயன்படுகிறது என்பது, அது எந்தத் தகுதிகளை எடைபோடுகிறது, மாற்றுத் தேர்வு முறை கேட்பது எப்படி, மூன்றும் இருக்க வேண்டும். வேலைவாய்ப்புப் பக்கத்திலேயே நிரந்தரமாகப் போட்டுவிடலாம், ஆளுக்கு ஆள் நாள் எண்ண வேண்டாம்.

அபராதம் முதல் தடவை 500 டாலர் வரை, அப்புறம் 1,500 வரை. கேட்கச் சின்னத் தொகைதான். ஆனால் தணிக்கையில்லாமல் ஓட்டும் ஒவ்வொரு நாளும் தனி மீறல். அறிவிப்பு போகாத ஒவ்வொரு விண்ணப்பதாரரும் தனிக் கணக்கு.