போரிவிலி காட்டுக்குப் போகிறீர்களா?

மும்பை போனால் ஒரு காலைப்பொழுதை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்கு ஒதுக்குங்கள். திங்கட்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை. போரிவிலி ரயில் நிலையத்தில் கிழக்குப் பக்கம் இறங்கினால் வாசல் அருகில்தான். அங்கிருந்து பூங்காவுக்குள் இருக்கும் பழைய பௌத்தக் குகைகளான கான்ஹேரி குகைகளுக்கு ஆறேழு கிலோமீட்டர். குகைகளுக்கு டிக்கெட் தனி.

என்னைக் கேட்டால் மழைக்காலம்தான் சரி. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் புத்த பிக்குகள் அந்தக் குகைப் பாறையில் வெட்டிய வாய்க்கால்களில் தண்ணீர் இன்றும் சலசலவென்று ஓடித் தொட்டிகளில் நிறையும். குனிந்து பாருங்கள், உளித்தடம்கூடத் தெரியும். ஆனால் பாறை வழுக்கும், பிடிமானமுள்ள காலணி அவசியம். அப்புறம், குரங்குகள் பிடுங்கும். தின்பண்டத்தைக் கையில் தொங்கவிடாமல் முதுகுப்பையில் வைத்து ஜிப்பை மூடுங்கள். சிறுத்தைகள் வாழும் காடு இது. குழந்தைகளைத் தனியே விடாதீர்கள், இருட்டுவதற்குள் வெளியே வந்துவிடுங்கள்.